நாய் இருக்கற வீட்டுல ஆள்செடி

"நாய் இருக்கற வீட்டுல இதை வைக்கலாமாம்மா?"

கடையில இருந்த பொண்ணுகிட்ட நான் முதல்ல கேட்டது இதைத்தான். விலையைக்கூட அப்புறம்தான் கேட்டேன்.

"தாராளமா வைக்கலாம் ஆன்ட்டி. இலையைக் கடிச்சு முழுங்கினாக்கூட ஒண்ணும் பண்ணாது. பாருங்க, தொட்டியிலயே பச்சைக் கலர்ல நாய்ப் பாதம் போட்டிருக்கோம்."

பாதம் இருந்துச்சு. பச்சையாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு பொய் சொல்லிடுச்சுன்னு இன்னிக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்தச் செடியில விஷம் ஒரு சொட்டு கிடையாது.

ஏன் அப்படிக் கேட்டேன்னா, எங்க சுண்டலோட தாய் விஷத்துலதான் போச்சு. திருச்சி கே.கே. நகர்ல எங்க தெருவுல யாரோ ஒரு மகராசன் பிஸ்கட்டுல எதையோ தடவிப் போட்டு, தெருநாய் அத்தனையும் காலி. குப்பைத்தொட்டிக்குப் பின்னால ஒரு குட்டி மட்டும் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. நவராத்திரி சமயம். கொலு பாக்கப் போய் வாங்கிட்டு வந்த சுண்டலைக் காட்டினதும், என் பின்னாலயே மாடி ஏறி வந்துடுச்சு. பேரு அப்படி ஒட்டிக்கிச்சு. தாய்க்கு வந்தது பிள்ளைக்கு வந்துடக் கூடாதேன்னு அன்னியிலேருந்து ஒரு பழக்கம் பண்ணி வெச்சேன். தலையில கை வெச்சு "சாப்பிடுடா ராஜா"ன்னு சொன்னாத்தான் தட்டுல வாய் வைக்கணும். தெருவுல தேனும் பாலும் ஓடினாலும் சுண்டல் மோந்து பாத்துட்டு வந்துடும். "உன் நாய் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பட்டினிதான் ஹேமா"ன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. பண்ணிட்டு, நான் வேலையா இருந்தா அவரே போய்க் கை வெப்பாரு.

எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவரு, நான், சுண்டல், அவ்வளவுதான் குடித்தனம். ஊர்ல கார் எல்லாம் ஆளில்லாம தானா ஓடற காலத்துல, அவரு மட்டும் பழைய ஸ்கூட்டரை விட மாட்டேன்னாரு. சித்திரை மாசம் ஒரு நாள் அதுலதான் மார்க்கெட் போயிட்டு வந்தாரு. கத்தரிக்காய்ப் பையை மேஜை மேல வெச்சாரு. "ஒரு மாதிரியா இருக்கு ஹேமா"ன்னாரு. நாற்காலியில உக்காந்தாரு. எந்திரிக்கவே இல்ல.

காரியமெல்லாம் முடிஞ்சதும் எங்க நாத்தனார் வந்து, செத்தவங்க துணி வீட்டுல இருக்கக் கூடாதுன்னு பீரோவையே கவுத்து மூட்டை கட்டி, ஆசிரமத்துக்குக் குடுத்துட்டாங்க. ஒரு துண்டு மட்டும் தப்பிச்சுது. வாசக்கதவுப் பக்கத்துல நாற்காலி முதுகுல எப்பவும் கெடக்கும், நீலக்கரை போட்ட ஈரோட்டுத் துண்டு. அவங்க கண்ணுல படல. காலையில அவரு குளிச்சிட்டு அதைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் பேப்பர் படிப்பாரு. நாத்தனார் போனதும் அந்தத் துண்டுல மூஞ்சியைப் பொதைச்சு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அந்தத் துண்டைத்தான் கடைக்குக் கொண்டு போனேன்.

"துவைச்சிருக்கீங்களா ஆன்ட்டி?"

"துவைப்பேனா?"

"கரெக்ட். இதுல இருக்கற வாசனையைப் படிச்சு, அதே வாசனையை விடற மாதிரி செடியை வளர்த்துக் குடுத்துடுவோம். பூக்காது, காய்க்காது. அங்கிள் வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வேற யாராவது இதை யூஸ் பண்ணினாங்களா?"

"அவர் துண்டும்மா இது. வேற யாரு யூஸ் பண்ணுவா?"

கம்பெனி அதுக்கு என்னென்னவோ அழகான பேரு வெச்சிருந்துச்சு. ஊர்ல எல்லாரும் சொல்றது ஆள்செடி. எங்க பிளாக்குலயே அப்ப ரெண்டு வீட்டுல இருந்துச்சு. மூணாவது மாடி ராமானுஜம் வீட்டுல அவங்க அம்மா, தொட்டியில. அவரு தினம் செடியைக் கும்பிட்டுட்டுத்தான் ஆபீஸ் கெளம்புவாரு. அவரு சம்சாரம் அதுக்குத் தண்ணி ஊத்தற அழகைப் பாத்தா, உயிரோட இருந்தப்ப அந்த மாமியாருக்கு என்ன மரியாதை கெடைச்சிருக்கும்னு தெரிஞ்சுக்கலாம். ராமானுஜத்தோட தம்பி வந்து, அம்மாவை ஆறு மாசம் என் வீட்டுல வைக்கணும்னு சண்டை போட்டுட்டுப் போனாரு. அம்மா நடமாடின காலத்துல அந்தத் தம்பியை நான் பாத்ததே இல்ல.

எங்க செடி ஆவணியில வந்துச்சு. காலிங் பெல் அடிச்சுது. அவர் துண்டு கடையோட போனதால நாற்காலியில போட்டு வெச்சிருந்த புதுத் துண்டை எடுத்து நைட்டி மேல போட்டுக்கிட்டுப் போய்க் கதவைத் தெறந்தேன். முழங்கால் உயரத் தொட்டி, கை அகலத்துக்கு இலை. மேல சுத்தியிருந்த கவரைப் பிரிச்சதும் அப்படியே தரையில உக்காந்துட்டேன். அவரேதான்! அவர் வாசனையேதான்! சத்தம் போட்டு அழுதேன்.

சுண்டலும் வந்துச்சு. செடியைச் சுத்திச் சுத்தி மோந்துச்சு. ஒரு பெருமூச்சு விட்டுட்டு தொட்டியை ஒட்டிப் படுத்துக்கிச்சு.

எனக்கு அப்ப இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர் போனதுலேருந்து அது அதுபாட்டுக்கு வாசல்ல கெடக்கும், நான் என்பாட்டுக்கு ரூம் கதவைச் சாத்திக்கிட்டுக் கெடப்பேன். சாயங்காலம் பால்கனியில உக்காந்து அதோட முதுகைத் தடவிக்கிட்டே பொரி தின்னது எல்லாம் போன ஜென்மம் மாதிரி ஆயிடுச்சு. தட்டுல சோத்தைப் போட்டுட்டு, "சாப்பிடுடா"ன்னு அடுப்படியிலேருந்தே ஒரு குரல் குடுப்பேன். குனிஞ்சு கை வைக்கறதுக்கு உடம்புல தெம்பும் இல்ல, மனசுல தெம்பும் இல்ல. அதுவும் ஏதோ பேருக்குக் கொறிச்சிட்டு விட்டுடும். இப்பத்தான் நாய்க்கும் ஒரு ஆறுதல் கெடைச்சுதுன்னு நெனைச்சேன்.

கொஞ்ச நாள்ல எனக்கு வாசனை வர்றது நின்னு போச்சு. எத்தனை தடவை இலையை மோந்தாலும் வெறும் இலை. கடைக்குப் போன் பண்ணினேன். "மூக்குக்குப் பழகிடும் ஆன்ட்டி, எல்லாரும் சொல்றதுதான். உங்களுக்குத் தெரியாது, ஆனா வாசனை இருக்கும்"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. இருக்கத்தான் செஞ்சுது. அதுக்குச் சாட்சி சுண்டல். அது செடியை விட்டு நகரலைன்னா அவரு இன்னும் வீட்டுல இருக்காருன்னு அர்த்தம். நான் நாயைப் பாத்துப் பாத்துத்தான் புருஷன் இருக்கறதைத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் அது சாப்பாட்டை விட்டுச்சு.

தட்டைச் செடிக்குப் பக்கத்துலயே வெச்சுப் பாத்தேன். அப்ப சுண்டல் தலையைக் கொண்டு போய் இலைக்கு அடியில குடுத்துச்சு. இலை தலையில உரசற மாதிரி நின்னுக்கிட்டு, மேல பாத்துச்சு. காத்திருந்துச்சு. அவரு கை வெச்சு உத்தரவு குடுக்கறதுக்குக் காத்திருக்குதுன்னு நான் குமுறிக் குமுறி அழுதேன். இலைக்கு ஏது கனம்? ரொம்ப நேரம் நின்னுட்டு, ஒரு வாய் எடுத்துச்சு, துப்பிடுச்சு. மறுபடியும் தொட்டியை ஒட்டிச் சுருண்டுக்கிச்சு. போகப் போக அந்த ஒரு வாயும் போச்சு. விலா எலும்பு தெரிய ஆரம்பிச்சுது.

கால்நடை டாக்டர் நஸ்ரினை வீட்டுக்கே வரச் சொன்னேன். சின்னப் பொண்ணு, ஆனா கெட்டிக்காரி. ரத்தம் எடுத்துப் பாத்துச்சு, வயித்தை அமுக்கிப் பாத்துச்சு, பல்லைப் பாத்துச்சு. கடைசியில செடியைப் பாத்துச்சு.

"உடம்புல ஒண்ணும் இல்லைம்மா. செடியை அனுப்பிடுங்க."

"செடியில விஷம் இல்லைன்னு சொன்னாங்களே."

"விஷம் இல்லைதான். உங்க நாய் மட்டும் இல்ல, ஆள்செடி இருக்கற வீட்டுலேருந்து இது மாதிரி நெறைய வருது. நாம போட்டோவைப் பாத்தா, இது போட்டோ, ஆள் இல்லைன்னு நமக்குத் தெரியும். நாய்க்கு அப்படி இல்லைம்மா. வாசனை இருந்தா ஆள் இருக்கு. ஆள் இருக்கு, ஆனா பேச மாட்டேங்குது, தொட மாட்டேங்குது, எந்திரிக்க மாட்டேங்குது. அப்ப நாய் என்ன பண்ணும்? பக்கத்துலயே காவல் கெடக்கும். கெடந்தே செத்துடும்."

"எனக்கு இப்ப வாசனைகூடத் தெரியறதில்ல, ஆனாலும் நான் அவரை ஒரு தடவை தூக்கிக் குடுத்தாச்சு டாக்டர். இன்னொரு தடவை என்னால முடியாது."

"அப்ப நாயைக் குடுத்துடுவீங்களாம்மா?"

எனக்கு வந்த கோவத்துக்கு, காபி குடிக்கறியான்னுகூடக் கேக்காம அதை அனுப்பினேன். அனுப்பிட்டு, தொட்டியை ரூமுக்குள்ள இழுத்து வெச்சு, கதவைச் சாத்தி, நானும் உள்ளயே உக்காந்துக்கிட்டேன். சுண்டல் வெளியிலேருந்து கதவைப் பிறாண்டிச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டேன். சத்தம் நின்னதும் தெறந்து பாக்கறேன், நகமெல்லாம் ரத்தம். பாவி, நான் என்ன பொம்பளைன்னு என்னையே திட்டிக்கிட்டுத் தொட்டியை ஹாலுக்குத் தள்ளினேன். அது குரைக்கல, கோவிச்சுக்கல. நொண்டிக்கிட்டே வந்து தொட்டியை ஒட்டிப் படுத்துச்சு.

மறுபடியும் நஸ்ரினுக்குப் போன் போட்டேன். என் கோவத்தை மனசுல வெச்சுக்காம வந்துச்சு அந்தப் புள்ள.

"ஒரேயடியா எடுக்க வேணாம்மா. சாரோட வேற பொருள் ஏதாவது இருந்தா குடுங்க. அதுல நல்லா வாசனை இருக்கணும். செடியை நகர்த்திட்டு அதை வைப்போம். அப்புறம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம். குடியை நிறுத்தற மாதிரிதான்."

"எல்லாத்தையும்தான் நாத்தனார் மூட்டை கட்டிட்டாங்களே! துணின்னு ஒண்ணு கெடையாது."

"துணியாத்தான் இருக்கணும்னு இல்ல. தலையணை, செருப்பு, வாட்ச்..."

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஸ்கூட்டர் கீழ பார்க்கிங்குல நிக்குது. சித்திரையிலேருந்து நான் அந்தப் பக்கமே போகல. அவரு வண்டியை நிறுத்தினா ஹெல்மெட்டை சீட்டுக்கு அடியில போட்டுப் பூட்டிடுவாரு. வாட்ச்மேன் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு, சாவியைக் குடுத்து எடுத்துட்டு வரச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்துல பெல் அடிச்சுது. நான் எந்திரிச்சேன், துண்டைத் தோள்ல போட்டேன், கதவைத் தெறந்தேன்.

"சார் ஹெல்மெட் மேடம்"னு ஆரோக்கியம் நீட்டினாரு.

வாங்கினதுதான் தாமதம், பின்னால ஒரு சத்தம். நான் கேட்டே மாசக்கணக்குல ஆன சத்தம். சுண்டல் எந்திரிச்சு நின்னு அழுகுது, சிரிக்குது, என்னன்னு சொல்றது! நிக்கவே தெம்பில்லாத நாய் ஹெல்மெட்டுக்கு எகிறிச்சு. மூக்கை உள்ள விட்டு ஒரு இழுப்பு. அப்புறம் என்னைத் தள்ளிக்கிட்டு, ஆரோக்கியத்தைத் தள்ளிக்கிட்டு லிஃப்ட்டுக்கு ஓடிச்சு. லிஃப்ட் வாசல்ல காதைத் தூக்கிக்கிட்டு, வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. அவரு வண்டி கீழ வந்தா தினமும் அப்படித்தான் நிக்கும்.

லிஃப்ட் தெறந்துச்சு. யாரோ எறங்கிப் போனாங்க. வால் மெதுவா நின்னுச்சு.

நஸ்ரின் என்கூட வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்துச்சு. "அம்மா, செடி வந்த அன்னிக்கு இப்படிப் பண்ணிச்சா?"

"இல்ல. மோந்துட்டுப் படுத்துக்கிச்சு."

"அதுக்கப்புறம் ஒரு தடவையாவது? வாலாட்டறது, வாசலுக்கு ஓடறது?"

"இல்லையே."

"அப்ப செடி சார் இல்லைம்மா."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "என்ன பேசற நீ? அவர் துண்டை என் கையால கொண்டு போய்க் குடுத்திருக்கேன். பின்ன யாரு அது?"

அந்தப் பொண்ணு என் தோளையே பாத்துச்சு. நானும் குனிஞ்சு என் தோளைப் பாத்தேன். நைட்டி. மேல துண்டு.

"கதவைத் தெறக்கறப்ப எல்லாம் இப்படித்தான் போட்டுப்பீங்களாம்மா?"

"பின்ன, நைட்டியோட போயா நிப்பாங்க? எல்லா வீட்டுலயும் செய்யறதுதானே. பால் வாங்க, குப்பை போட, கொரியர்காரன் வந்தா... பக்கத்துல எது கெடக்குதோ அதை எடுத்து..."

"அந்தப் பழைய துண்டும் இதே நாற்காலியிலதான் கெடக்குமா?"

அங்கதான் கெடக்கும். அவரு காலையில ஒரு அரை மணி நேரம் போட்டுப்பாரு. மிச்ச நேரமெல்லாம் அது என் தோள்லதான். அவரு போனப்புறம் துக்கம் கேக்க வந்தவங்க எத்தனை பேரு! ஒவ்வொரு பெல்லுக்கும் அதைத்தான் போட்டேன். அப்புறம் அதுலதான் மூஞ்சியைப் பொதைச்சு அழுதேன். ஆனா யாரு கேட்டாலும் அது அவர் துண்டு. அது கடைக்குப் போற வரைக்கும் எனக்குன்னு ஒரு துண்டு இந்த வீட்டுல இருந்ததே இல்ல.

"துணியில எது கூடுதலா இருக்குதோ அதைத்தான் செடி பிடிச்சுக்கும்"னு நஸ்ரின் ரொம்ப மெதுவாச் சொல்லிச்சு. "உங்களுக்கு வாசனை தெரியாம போனது மூக்குக்குப் பழகினதால இல்லைம்மா. அவங்கவங்க வாசனை அவங்கவங்களுக்கு என்னிக்குமே தெரியாது."

"முதல் நாள் தெரிஞ்சுதே! அவரேதான்னு நான்..."

சொல்லும்போதே புரிஞ்சு போச்சு. அன்னிக்கு மோந்தது மூக்கு இல்ல, மனசு.

நஸ்ரின் லிஃப்ட் பக்கம் திரும்பி சுண்டலைப் பாத்துச்சு. "அது தலையில கை வெச்சு எவ்வளவு நாள் ஆகுதும்மா?"

நான் சாத்தின கதவுக்கு வெளிய அது கெடந்துச்சு. உள்ள இருந்த நான் அதைத் தொடல, பேசல. ஹால்ல தொட்டியில இருந்த நானும் தொடல, பேசல. ஆனா ஹால்ல இருந்தவ கதவையாவது சாத்தாம இருந்தா. அதனால அவகிட்டப் போய்ப் படுத்துக்கிச்சு. அவ கை வைப்பான்னு தலையை நீட்டி நீட்டிப் பாத்துச்சு. நாய் அவருக்காக ஏங்கிச் சாகுதுன்னு நான் அழுதுக்கிட்டு இருந்தேன். அது ஏங்கினது எனக்காக. ஐயோ, என் தங்கமே, நான் இங்கதானேடா இருந்தேன்!

ஹெல்மெட் என் கையிலதான் இருந்துச்சு. உள்ள மோந்து பாத்தேன். தேங்காண்ணெய், தலைக்கு அடிக்கற சாயம், வேர்வை. அவரு. சந்தேகமே இல்லாம அவரு. கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்.

"வேணும்னா இதைக் குடுத்து வேற செடி வாங்கிக்கலாம்மா. கம்பெனி செஞ்சு குடுக்கும்"னு நஸ்ரின் சொல்லிச்சு. என்னை ஆழம் பாக்கறதுக்குச் சொல்லிச்சா, நெஜமாவே சொல்லிச்சா, தெரியல.

ஆசையா இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா சுண்டல் இன்னமும் லிஃப்ட் வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. கதவு தெறக்கறப்ப எல்லாம் காது எந்திரிக்குது, மூடினதும் படுத்துடுது. அதை ஆயுசு பூரா அப்படி நிக்க வைக்க எனக்கு மனசு வரல. ஹெல்மெட்டை ரெண்டு பாலித்தீன் கவர்ல சுத்தி, பரண்ல போட்டேன். என்னிக்காவது ரொம்ப முடியலைன்னா, சுண்டலை வெளிய விட்டுட்டு எடுத்து மோந்துப்பேன்.

இந்தச் செடியையும் வைக்கக் கூடாது. நான் ஒண்ணும் சாகாவரம் வாங்கி வரல. என்னிக்காவது நானும் அதே நாற்காலியில உக்காந்து எந்திரிக்காம போவேன். அன்னிக்கு இது ஹால்ல நின்னுச்சுன்னா, சுண்டல் அதுகிட்டதான் போய்ப் படுக்கும். தலையை நீட்டும்.

நஸ்ரினுக்குக் காபி போட்டுக் குடுத்து, ஹாலுக்கு வந்த சுண்டலை அது பாத்துக்கட்டும்னு விட்டுட்டு, தொட்டியைத் தூக்கிக்கிட்டு நானே லிஃப்ட்ல ஏறினேன். மூணாவது மாடியில ராமானுஜம் ஏறினாரு. செடியைப் பாத்ததும் செருப்பைக் கழட்டிட்டு, பயபக்தியா ஒரு கும்பிடு போட்டாரு.

"சாரை எங்க கொண்டு போறீங்க மேடம்?"

"இது சார் இல்லைங்க. நான்தான்."

மனுஷன் ஒண்ணும் புரியாம கீழ் மாடி வரைக்கும் சுவரையே பாத்துக்கிட்டு வந்தாரு. பார்க்கிங்குக்குப் பின்னால உரக்குழியில செடியை வேரோட பிடுங்கிப் போட்டேன். போடறதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவை இலையை மோந்து பாத்தேன். ஒண்ணுமே இல்ல.

மேல வந்தப்ப சுண்டல் தொட்டி இருந்த எடத்தை மோந்துக்கிட்டு இருந்துச்சு. நஸ்ரின் தட்டுல கொழைச்ச சோறும் தயிரும் வெச்சுக்கிட்டுக் காத்திருந்துச்சு. தட்டை நான் வாங்கித் தரையில வெச்சேன். முட்டி வலியைப் பாக்காம நானும் தரையில உக்காந்தேன். சுண்டல் என்னைப் பாத்துச்சு, தட்டைப் பாத்துச்சு, அந்தக் காலி எடத்தைப் பாத்துச்சு. அப்புறம் நொண்டிக்கிட்டே வந்து, நம்பலாமா வேண்டாமாங்கற மாதிரி, கொஞ்சம் தள்ளி நின்னு தலையை நீட்டிச்சு.

கை வெச்சேன். மண்டை எலும்பு கையில இடிச்சுது.

"சாப்பிடுடா ராஜா."

சாப்பிட்டுச்சு. தட்டு காலியாகி, காலித் தட்டை நக்கி, தண்ணியும் குடிச்சு முடிச்சுது. நஸ்ரின் செருப்பு மாட்டிக்கிட்டு வரேம்மான்னு சொல்லிட்டுப் போச்சு. நான் கையை எடுக்கல.